மாநிறத் தோலில் ஃபவுண்டேஷன் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது ஏன்? கான்டூரைக் கோடு தெரியாமல் கலப்பது எப்படி?

திருச்சி_மலர்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் என் அக்காவுக்குத் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மணப்பெண் அலங்காரத்துக்கு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டோம். எனக்கும் அம்மாவுக்கும் நானே செய்துவிடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் இப்போதிலிருந்தே வீட்டில் பழகிவருகிறேன். நான்கு முறை முயன்றும் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதுகிறேன்.

நான் மாநிறம். நெற்றியின் ஓரங்களும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடச் சற்றுக் கருத்திருக்கும். மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வடியும்; கன்னம் வறண்டிருக்கும். கடையில் இருந்த பெண் என் மணிக்கட்டின் உட்புறத்தில் மூன்று கோடுகள் இழுத்துப் பார்த்து, விசேஷத்துக்கு ஒரு ஷேட் வெளுப்பாக இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும் என்று சொல்லி ஒரு ஃபவுண்டேஷனை (முகம் முழுவதும் பூசும் அடிப்பூச்சு) தேர்ந்து கொடுத்தார். பூசியவுடன் நன்றாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், விபூதியைப் பூசி அரைகுறையாகத் துடைத்ததுபோல் முகம் சாம்பல் பூத்து, கழுத்து தனியாகவும் முகம் தனியாகவும் தெரிகிறது. செல்பேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டும் தெரிகிறது.

முகத்தில் நிழல்போலத் தீட்டும் கான்டூர் அதைவிடச் சிரமமாக இருக்கிறது. பழுப்பு நிறக் கிரீமைக் கன்ன எலும்புக்குக் கீழே இழுத்தால் அடிபட்ட தழும்பைப்போலக் கோடாக நிற்கிறது. தேய்த்துக் கலந்தால் கான்டூர் மறைந்துவிடுவதோடு, அடியில் இருந்த ஃபவுண்டேஷனும் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வருகிறது. நான் செய்யும் வரிசை இதுதான்: மாய்ஸ்சரைசர், விரலால் ஃபவுண்டேஷன், அதன்மேல் காம்பாக்ட் பவுடர், பிறகு கிரீம் கான்டூர். எங்கே தவறுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோவை_வசந்தி:

அன்புள்ள மலர், பதினான்கு ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்துவருகிறேன். நீங்கள் சொன்ன அதே சாம்பல் முகத்தோடு, வேறிடத்தில் அலங்காரம் செய்துகொண்டு, அதைக் கலைத்துவிடச் சொல்லி அழுதுகொண்டே வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷேடைப் பற்றி. எந்த ஃபவுண்டேஷனை எடுத்தாலும் அதன் நிறம் பெரும்பாலும் நான்கு நிறமிகளின் கலவையிலிருந்தே வருகிறது: வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றுக்கு இரும்பு ஆக்சைடுகள். ஷேட் வெளுக்க வெளுக்க அதில் வெள்ளை நிறமியின் பங்கு கூடும். நம் தோலின் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தின்மேல் அந்த வெள்ளை ஒரு மெல்லிய படலமாகப் படியும்போது, தோல் வெளுத்துத் தெரிவதில்லை, சாம்பலாகத்தான் தெரியும். பூசியவுடன் ஈரத்தின் பளபளப்பு அதை மறைத்துக்கொள்கிறது. ஈரம் வற்றியதும் வெளிப்பட்டுவிடுகிறது. அரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஒரு ஷேட் வெளுப்பாகப் போட வேண்டும் என்ற அறிவுரையை இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் நிறத்தில் குறை ஏதும் இல்லை. குப்பியில் இருக்கும் நிறம்தான் உங்களுடையது அல்ல.

இரண்டாவது, மணிக்கட்டின் உட்புறம் வெயில் படாத இடம். முகத்தின் நிறம் அங்கே இருக்காது. தாடை எலும்பு கழுத்தோடு சேரும் இடத்தில் மூன்று கோடுகள் இழுத்து, இருபது நிமிடம் பொறுத்து, கடையின் வெள்ளை விளக்கை விட்டு வாசலுக்கு வந்து கைக்கண்ணாடியில் பாருங்கள். எந்தக் கோடு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறதோ அதுவே உங்கள் ஷேட். இந்த இருபது நிமிடம் மிகவும் முக்கியம். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்த பிறகு கருத்தும் போகும்; அதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

அண்டர்டோன் என்பதையும் கவனியுங்கள். ஒரே அளவு கருமை கொண்ட இரண்டு ஷேட்களில் ஒன்று இளஞ்சிவப்புச் சாயலும் மற்றது மஞ்சள் சாயலும் கொண்டிருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு மஞ்சளோ, மஞ்சளோடு லேசான பச்சை கலந்த ஆலிவ் சாயலோதான் பொருந்தும். பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். மேக் (MAC) என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் ஷேட்களில் என்சி என்று தொடங்குபவை மஞ்சள் சாயலுள்ள தோலுக்கும், என்டபிள்யூ என்று தொடங்குபவை இளஞ்சிவப்புச் சாயலுள்ள தோலுக்கும் உரியவை. சி என்றால் குளிர்ச்சி, டபிள்யூ என்றால் வெம்மை என்று எண்ணி நேர்மாறாக வாங்கி வந்தவர்கள் பலர்.

வாங்கிய குப்பியை எறிந்துவிட வேண்டாம். அதே வகையில் இரண்டு ஷேட் கருத்த ஒன்றை வாங்கி, புறங்கையிலோ ஒரு சிறிய எவர்சில்வர் தட்டிலோ இரண்டையும் கலந்து உங்கள் நிறத்தை எட்டுங்கள். வேறு வகையோடு கலக்க வேண்டாம். நீரை அடிப்படையாகக் கொண்டதும் சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டதும் சேர்ந்தால் தயிர் திரிந்ததுபோல் பிரிந்துவிடும். ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமருக்கும் இதே விதிதான்.

இப்போது உங்கள் வரிசை. தவறு அங்கேதான் இருக்கிறது. கிரீமின்மேல் பவுடர் போடலாம். பவுடரின்மேல் கிரீம் போடக் கூடாது. காம்பாக்ட் போட்டு இறுகிய பரப்பின்மேல் கிரீம் கான்டூரைத் தேய்த்தால் அடியில் உள்ள அனைத்தும் உருண்டு வருவது இயல்பு. ஃபவுண்டேஷன், கிரீம் கான்டூர், கன்னத்துக்குச் செம்மை தரும் கிரீம் பிளஷ், கடைசியில் பவுடர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாய்ஸ்சரைசர் தோலில் இறங்கப் பத்து நிமிடம் கொடுங்கள். விரலால் பூசுவது தவறன்று. ஆனால் இழுத்துப் பூசாதீர்கள். ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் தண்ணீரில் முழுக்க ஊறவிட்டு, துணியில் சுற்றி நன்றாகப் பிழிந்து, அது பெருத்து மெத்தென்று ஆன பிறகு ஒற்றி ஒற்றி எடுங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் ஃபவுண்டேஷனில் பாதியைத் தானே குடித்துவிடும்.

அளவு மிகக் குறைவாகவே போதும். முகம் முழுவதற்கும் இரண்டு பட்டாணி அளவு. மூக்கின் இரு பக்கமும் கன்னத்தின் நடுப்பகுதியும்தான் அதிகம் கேட்கும் இடங்கள். அங்கே தொடங்கி ஓரங்களை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். ஓரங்களுக்குப் போய்ச் சேரும்போது ஸ்பாஞ்சில் மிச்சம் இருப்பதே போதுமானது.

இதில்தான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இருக்கிறது. நெற்றியின் ஓரம் கருத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கான்டூர் செய்யும்போது நாம் கருமையைக் கொண்டுபோய் வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதை முதலில் ஃபவுண்டேஷனால் முழுவதும் மூடிவிட்டு, பிறகு பழுப்புக் கிரீமால் அதே இடத்தில் வரைந்துகொள்வது இரட்டை வேலை. நம் முகங்கள் பலவற்றில் ஓரக் கருமை இயற்கையாகவே அமைந்திருக்கிறது. அதை அப்படியே விட்டு, நடு முகத்தை மட்டும் சீராக்குங்கள். பாதிக் கான்டூர் அங்கேயே முடிந்துவிடும். வாயைச் சுற்றிய கருமைக்கு மட்டும் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த கரெக்டரை (கருமையைச் சமன்செய்யும் கிரீம்), அந்த இடம் தாண்டாமல், நகத்தின் நுனியளவு எடுத்து ஒற்றி, அதன்மேல் ஃபவுண்டேஷனை அழுத்தி வையுங்கள். அங்கே கறைகளை மறைக்கும் வெளுத்த கன்சீலரை நேரடியாகப் போட்டால் மீண்டும் சாம்பல்தான் வரும்.

கும்பகோணம்_ஒளிப்படம்:

வசந்தி அம்மா சொன்னதற்கு மேல் ஒப்பனையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் திருமணங்களுக்குப் படமெடுப்பவன். ஒளியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் வீட்டு விசேஷத்தில் இரண்டு வேறு வேறு ஒளிகள் இருக்கின்றன. வரவேற்பு மேடையில் வீடியோ விளக்குகள் நேர் எதிரே இருந்து முகத்தில் விழும். அந்த ஒளி மூக்கின் நிழல், கன்னத்தின் நிழல் எல்லாவற்றையும் அழித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். இழந்த நிழலைத் திரும்ப வரைவதுதான் கான்டூரின் வேலை. இது நாடக மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வீட்டுக்குள் வந்த வழக்கம். மேடைக்கென்று செய்யப்பட்ட கெட்டியான மெழுகுச் சாயம் அண்மைக் காட்சிகளில் வெடிப்பு விட்டதால்தான், 1914-இல் மேக்ஸ் ஃபேக்டர் திரைக்கென்றே மெல்லிய, வளைந்துகொடுக்கும் சாயத்தைச் செய்தார். நம் அரிதாரம் என்ற சொல்லும் இப்படி மேடையோடு ஒட்டிக்கொண்டதுதான். அது முதலில் ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். நல்லவேளையாக இன்று அதை யாரும் முகத்தில் பூசுவதில்லை.

காலை முகூர்த்தத்தின்போது நிலைமை வேறு. மண்டபத்தின் பக்கவாட்டிலிருந்தும் வாசலிலிருந்தும் இயற்கை வெளிச்சம் சாய்வாக வரும். அந்த வெளிச்சம் உண்மையான நிழலை முகத்தில் தானே விழச் செய்யும். நீங்கள் வரைந்த நிழல் ஒரு திசையிலும் சூரியன் தந்த நிழல் வேறு திசையிலும் நின்றால், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பேசுகிறவருக்கு முகத்தில் அழுக்கு ஒட்டியதுபோல் தெரியும். ஆகவே மாலைக்குக் கான்டூர், காலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு வருவது பவுடரால். நிறமற்றது என்று விற்கப்படும் லூஸ் பவுடர்களில் பல சிலிகாவால் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீனும் அதையே செய்யும். ஒப்பனை முடித்ததும் ஒரு முறை விளக்கை அணைத்து, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. செல்பேசியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் மூக்கு உண்மையைவிடப் பெரிதாகவும் காதுகள் உள்வாங்கியும் தெரியும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவது ஒளியின் இயல்பு. அந்தப் படத்தைப் பார்த்து மூக்கின் இரு பக்கமும் கறுப்புக் கோடு தீட்டிக்கொள்கிற தங்கைகளை மண்டபங்களில் நிறையப் பார்க்கிறேன். ஆறடி தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

திருச்சி_மலர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வரிசையை மாற்றியதும் பெயர்ந்து வருவது நின்றுவிட்டது. கருத்த ஷேட் ஒன்று வாங்கி ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கலந்தேன். கழுத்தும் முகமும் முதல் முறையாக ஒன்றாகத் தெரிந்தன. கான்டூர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. என்னிடம் இருப்பது லேசாக மினுமினுக்கும் செம்பழுப்பு நிறம். அதைக் காதிலிருந்து வாய் ஓரம் வரை இழுக்கிறேன். முகம் மெலிந்து தெரிவதற்குப் பதிலாக வாடித் தெரிகிறது. அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார்.

கோவை_வசந்தி:

மினுமினுக்கும் செம்பழுப்பு என்றால் அது பிரான்சர். வெயிலில் நின்ற பொலிவைக் காட்டுவதற்கானது. நிழலுக்குப் பளபளப்பும் கிடையாது, சிவப்பும் கிடையாது. உங்கள் ஃபவுண்டேஷனைவிட இரண்டு அல்லது மூன்று ஷேட் கருத்த, மினுக்கமில்லாத, சிவப்போ ஆரஞ்சோ தூக்கலாக இல்லாத பழுப்பே கான்டூர். அதற்காக வெளுத்த தோலுக்கென்று செய்யப்படும் சாம்பல் கலந்த கான்டூர்களையும் வாங்கிவிடாதீர்கள். நம் தோலில் அவை கரி பூசியதுபோல் இருக்கும். தனியாக வாங்கத் தேவையே இல்லை என்றுகூடச் சொல்வேன். இப்போது வாங்கிய கருத்த ஃபவுண்டேஷனை எதனுடனும் கலக்காமல் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வரவேற்புக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் மட்டும் அதைவிட ஒரு ஷேட் கருத்ததைத் தேடுங்கள்.

இடத்தைப் பற்றி. விரலைக் கன்னத்தில் வைத்து, காதின் மேற்பகுதியிலிருந்து கன்ன எலும்பின் அடி விளிம்பைத் தடவிக்கொண்டே வாருங்கள். எலும்பு முடிந்து பள்ளம் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரியும். கிரீமை அந்தப் பள்ளத்தின் மேல் விளிம்பில், அதாவது எலும்போடு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். பள்ளத்துக்குள்ளேயே வைத்தால் கலக்கும்போது கீழே இறங்கிவிடும். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோட்டை மனத்தில் இழுத்து, அதைத் தாண்டாமல் நிறுத்திவிடுங்கள். வாய் ஓரம் வரை கொண்டுபோனதால்தான் முகம் வாடிப்போயிற்று. காதருகில் அழுத்தமாகவும் முன்னே வர வர மெலிந்தும் இருக்க வேண்டும். ஆகவே கோடாக இழுக்காமல் காதருகில் மூன்று புள்ளி, நடுவில் ஒன்று என்று வைத்து, பிழிந்த ஸ்பாஞ்சின் சுத்தமான பக்கத்தால் மேல்நோக்கி மட்டும் ஒற்றுங்கள். கீழ்நோக்கி ஒற்றினால் முகம் தொங்கும். கீழ் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அதன்மேல் கான்டூரைத் தேய்க்காமல், ஃபவுண்டேஷன் மிச்சமுள்ள பக்கத்தால் அந்த விளிம்பை மட்டும் தொட்டுவிடுங்கள்.

பிளஷ் இல்லாமல் கான்டூரை மட்டும் பார்த்தால் எந்த முகமும் நோயுற்றதுபோலத்தான் இருக்கும். செங்கல் நிறமோ அடர்ந்த பவளமோ கன்ன எலும்பின்மேல் வைத்த பிறகு முடிவு செய்யுங்கள். மூக்கை விட்டுவிடுங்கள், மூக்குத்தி அணிந்திருந்தால் நிச்சயமாக விட்டுவிடுங்கள், கிரீம் அதைச் சுற்றித் தேங்கி நிற்கும். தாடைக்குக் கீழே மட்டும் லேசாகக் கொடுத்துக் கழுத்தோடு இணைத்துவிடலாம்.

படமெடுக்கும் தம்பி சொன்ன காலை வெளிச்ச விஷயத்தில் நான் முழுவதும் உடன்படவில்லை. நன்றாகக் கலந்த மெல்லிய கான்டூர் காலையிலும் நிற்கும். ஹோமப் புகையில் கண் கலங்கி வியர்த்து நிற்கும்போது முகத்துக்கு ஓர் உருவம் இருப்பது நல்லதே. ஆனால் ஆறு மணி முகூர்த்தத்துக்கு நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு உட்காரும் ஒருவர், அதுவும் புதிதாகப் பழகியவர், அதைச் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

வியர்வைக்கு ஒரு வழி. துடைக்காதீர்கள். மெல்லிய டிஷ்யூவை முகத்தில் வைத்து அழுத்தி எடுத்து, அதன் பிறகே பவுடரை ஒற்றுங்கள். வியர்வையின்மேல் பவுடர் போட்டால் பசையாகிவிடும். பொட்டு வைக்கும் இடத்தில் ஃபவுண்டேஷனை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு ஒட்டினால் ஸ்டிக்கர் பொட்டு ஆரத்தித் தட்டில் விழாமல் இருக்கும்.

மதுரை_கயல்:

நான் அலங்காரத்தில் தேர்ந்தவள் அல்லள். பருத் தோலோடு பத்தாண்டாக வாழ்பவள். இரண்டு செய்திகள் மட்டும். வரவேற்பு முடிந்து எவ்வளவு நேரமானாலும் கலைத்துவிட்டே படுங்கள். ஒரு கல்யாணத்தில் அசதியில் அப்படியே தூங்கிவிட்டு, மறுநாள் காலை அதன்மேலேயே மீண்டும் பூசிக்கொண்டேன். அந்த வாரம் தாடை முழுவதும் கட்டிகள் கிளம்பின. முதலில் மைசெல்லார் வாட்டரையோ கிளென்சிங் பாமையோ கொண்டு கரைத்து, பிறகு முகம் கழுவும் சோப்பால் ஒரு முறை கழுவ வேண்டும். பருவுள்ள முகத்தில் தேங்காய் எண்ணெயால் துடைப்பது துளைகளை அடைத்துவிடும்.

மற்றொன்று, விசேஷம் வருகிறதென்று மருந்துக் கடையில் கேட்டு வெளுக்கும் கிரீம் எதையும் தொடங்கிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தோல் மெலிந்து சிவந்துபோய், பிறகு எந்த ஃபவுண்டேஷனும் அதன்மேல் நிற்காது. புருவம் திருத்துவதை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

திருச்சி_மலர்:

நேற்று மாலை அக்காவின் பழைய பட்டுப் புடவையைக் கட்டி, முழு ஒத்திகை பார்த்தேன். கருத்த ஃபவுண்டேஷனையே கான்டூராக வைத்து, வசந்தி அம்மா சொன்ன கோட்டோடு நிறுத்திவிட்டேன். தம்பியை ஆறடி தள்ளி நின்று ஃபிளாஷோடு எடுக்கச் சொன்னேன். வெள்ளைத் திட்டு இல்லை. கான்டூர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மூக்கில் மட்டும் எண்ணெய் மின்னியது, டிஷ்யூவால் சரியாயிற்று.

இனி அம்மாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அவருக்கு வயது 54. தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர். என் கலவையை அவர் தாடையில் வைத்தால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கண்ணோரச் சுருக்கங்களில் பவுடர் போய்த் தங்கிவிடுகிறது. ஒரு வாரம் மஞ்சளை நிறுத்தச் சொல்லலாமா?

கோவை_வசந்தி:

நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர் முகம் அந்த மஞ்சளோடுதான் எல்லோருக்கும் பழக்கம். ஃபவுண்டேஷன்தான் அதற்குப் பொருந்திவர வேண்டும். மஞ்சள் பூசிக் குளித்து வந்த பிறகு, அந்த நிறத்துக்கே ஷேட் பாருங்கள். நல்ல மஞ்சள் சாயலுள்ளதாக ஒன்று தேவைப்படும். நலங்கு அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் பூசுவார்கள் என்பதால், வரவேற்புக்கு முன் ஒரு முறை மீண்டும் தாடையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கான்டூர் வேண்டாம், பவுடரும் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் போதும். மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, ஒரு பட்டாணியில் பாதியளவு ஃபவுண்டேஷனை அதன்மேல் ஒற்றுங்கள். அவரைச் சிரிக்கச் சொல்லிக் கண்ணைச் சுற்றிப் பாருங்கள். சுருக்கத்தில் தேங்கியதை மோதிர விரலால் தட்டி எடுத்துவிடுங்கள். குங்குமம் வைத்த பிறகு நெற்றியில் கை வைக்க வேண்டாம்.